வெறும் காத்துல பத்தின துடைப்பம்

நீ கோபப்பட்டாலும் பரவாயில்ல தம்பி, உன் பொண்ணைப் பத்தி எழுதாம என்னால இருக்க முடியல. தீயணைப்பு வேலைக்குப் போயிட்டான்னு ரெண்டு வருஷமா அவகூடப் பேசாம இருக்கியே, நேத்து நான் அவளைப் பார்த்தேன்.

நல்ல பட்டப்பகல். நான் துப்புரவு வேலை பார்க்குற விமான நிலையத்துல, ஹைட்ரஜன்ல ஓடுற விமானம் வந்து நின்னுச்சு. ஆளுங்க எல்லாரும் இறங்கினதும் நான் கூட்டப் போனேன். இறக்கைக்கு அடியில உஸ்ஸுன்னு சத்தம். வாயு கசிஞ்சு பத்திக்கிச்சாம். ஆனா புகையும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அந்த நெருப்பு பகல்ல கண்ணுக்கே தெரியாதாம்!

"அத்தை, துடைப்பத்தைக் குடுங்க!"ன்னு உன் பொண்ணு ஓடி வந்து பிடுங்கினா.

"இப்பப் போய்ப் பெருக்கவா போற?"ன்னு கேட்டேன், புத்தி கெட்டவ.

அதை முன்னால நீட்டிக்கிட்டு மெல்ல மெல்ல நடந்தா. வெறும் காத்துல துடைப்பத்தோட நுனி குப்புன்னு பத்திக்கிச்சு. கடவுளே! "நெருப்பு இங்க இருக்கு, யாரும் தாண்டாதீங்க!"ன்னு கத்திட்டு, சுத்திப் போய் வாயு வர்ற குழாயை மூடினா. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா பிள்ளை கருகியிருப்பா. கண்ணுக்குத் தெரியாத சாமியைத் தினமும் கும்பிடுறவதான் நான். நேத்துதான் உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு.

அவளுக்கு ஒரு போன் போடுடா.

எழுதினது,
உன் வாயாடி அக்கா

இப்பதான் ஞாபகம் வருது. துடைப்பத்தை அவ பிடிச்சிருந்தது இடது கையில. சின்ன வயசுல நீ அடிச்சு அடிச்சு மாத்தப் பார்த்தியே, அதே கை.