கீழிருந்து மாடிக்கு ஒரு வயர்

ஜூன் 8, ஞாயிறு

மாமனாரின் புகார் இன்றும். "பாதி டெஸ்ட் மேட்ச்ல என்னைத் தூக்கி மாடில வெச்சுடறேளே!" ஒரு மாதம் எங்களோடு கீழே, ஒரு மாதம் மாடியில் என் கணவரின் அண்ணா, மன்னி வீட்டில். மேட்ச்சைப் பதிந்து வைக்கும் டிஷ் பாக்ஸ் கீழே இருக்கிறது. மாடி பாக்ஸ் அதிலிருந்து எடுத்துக் காட்டும்தான். ஆனால் இந்தப் பழைய மயிலாப்பூர் சுவர்களை வைஃபை தாண்டுவதில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் படம் உறைகிறது. இரண்டு பாக்ஸுக்கும் நடுவே லேன் கேபிள் இழுத்தால் சரியாகிவிடும். கல்லூரி லேபில் நாற்பது கம்ப்யூட்டருக்கு இழுத்தவளுக்கு இது ஒரு வேலையா?

வேலை இல்லை. மாடிக்குப் போக வேண்டும், அதுதான். மூன்று வருஷமாக நான் அந்தப் படி ஏறவில்லை.

ஜூன் 11, புதன்

என் கணவர் ஸ்ரீகிருஷ்ணா, "மன்னிகிட்ட நான் கேக்கறேன்" என்றார். கேட்டாரா, தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

நீரஜா மன்னி சம்மதித்துவிட்டாளாம். "அப்பாவுக்காக" என்று சேர்த்துச் சொன்னாளாம்.

சரி. எனக்காக எதற்கு? மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் எல்லார் எதிரிலும் மன்னியைப் பார்த்து, "நீங்க மாத்திரை குடுத்த லட்சணந்தான் இது" என்றவள் நான். மாத்திரையில் ஒரு தப்பும் இல்லை என்று டாக்டர் மறுநாளே சொல்லிவிட்டார். நான்தான் அப்புறம் வாயே திறக்கவில்லை. மாமியார் போய்விட்டார், காரியம், கூட்டம், அழுகை — இல்லை, அதெல்லாம் சாக்கு.

ஜூன் 14, சனி

எலக்ட்ரீஷியன் தனபாலன் வந்தார். பழைய டெலிபோன் பைப் சுவருக்குள்ளேயே மாடிவரை போகிறது. அதற்குள் கேபிளை விட்டோம். பாதியில் நின்றது.

"இன்னாமோ அடச்சிக்கினு கீது மேடம். நான் நடுவுல பெட்டியத் தெறந்து பாக்கறேன். நீங்க கீழ தள்ளுங்க, மேல ஒர்த்தர் இஸ்துப் புடிக்கணும்."

மேலே மன்னியைத் தவிர யாரும் இல்லை. தள்ளினேன். நகரவில்லை. என்னை அறியாமல் கத்திவிட்டேன்: "மன்னி, இழுங்கோ!"

"இழுத்துண்டுதான் இருக்கேன்! நீ தள்றியா இல்லியா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா செய்ங்கமா!" என்றார் தனபாலன், ஏணிமேல் நின்றபடி.

செய்தோம். கேபிள் கையை விட்டு ஓடியது. "வந்துடுத்து!" — மன்னியின் குரல். மூன்று வருஷத்தில் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

முனையில் பிளக் மாட்ட மேலே போனேன். எட்டு மெல்லிய வயர்கள், நிற வரிசைப்படி. எனக்குத் தூக்கத்திலும் வரும். இன்று இரண்டு தரம் தப்பு. பச்சை, நீலத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. மன்னி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிமிராமலே சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு மன்னி. தப்புன்னு மறுநாளே தெரியும். வந்து சொல்லல."

வெளிச்சம் அசையவில்லை.

"நாலு மாசம் எனக்குத் தூக்கமில்ல, லக்ஷ்மி. ஒருவேளை நான்தானோன்னு."

பிளக்கைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"முடி. வேலையப் பாரு" என்றாள்.

பிளக் அழுந்தியது. பச்சை விளக்கு எரிந்தது. மாடி டிவியில் மேட்ச் ஓடியது, உறையாமல்.

ஜூலை 1, செவ்வாய்

மாமனார் மாடிக்குப் போனார். மேட்ச்சின் நாலாம் நாளை, கீழே நிறுத்திய டீ இடைவேளையிலிருந்து பார்க்கிறாராம்.

ஜூலை 9, புதன்

மாடியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. எதிர்பார்க்கக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

பாக்ஸ் நிரம்பிவிட்டது, எதையாவது அழித்தால்தான் புதிதாகப் பதியும். மாமனாரின் மேட்ச்சைத் தொட முடியாது. மன்னி மாடியிலிருந்து பதிந்த சமையல் நிகழ்ச்சிகள் ஒன்பது. அதையும் தொடவில்லை. நான் பார்த்து முடித்த சீரியலில் பன்னிரண்டு நாள் பகுதிகளை அழித்தேன்.

மூன்று மணிக்கு மாடிப்படியிலிருந்து குரல்.

"லக்ஷ்மி! அந்த சீரியல ஏன்டி அழிச்சே? நான் பாதிதான் பாத்திருக்கேன்!"

"நீங்க அதப் பாக்கறேளா?"

"தினம். கல்யாணப் பொண்ணு காணாமப் போனதோட நிக்கறது. மேல வா. மிச்சத்த நீதான் சொல்லணும்."

போனேன். பன்னிரண்டு நாள் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். இறங்கி வரும்போது தெருவிளக்கு போட்டிருந்தார்கள்.