குளியலறைக் கதவில் வந்த தீபாவளிச் சட்டைகள்

அன்பு நண்பா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் நாப்தலீன் உருண்டையின் வாசனை முகத்தில் அடித்தது. குடியிருப்போர் சங்கத்தார் இருவர் வாசலில் சாக்குடன் நின்றிருந்தார்கள். கடலோர மாவட்டங்களில் புயலாம். வீடிழந்தவர்களுக்குத் துணி வேண்டுமாம். என் கை வழக்கம்போல் கீழ்த் தட்டுக்கு, நிறம் போன வேட்டிகளின் பக்கம் போயிற்று. உடனே உன் குரல் கேட்டது: "அத்த நீ கட்டிகினு பஜாருக்குப் போவியா மாமே?" பொங்கலுக்கென்று வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என்னை எந்த மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்ற யோசனை மருமகளின் பார்வையில் தெரிந்தது. அவளிடம் சொல்ல முடியாத விளக்கத்தை உனக்கு எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேட்கக்கூடிய நிலையில் இப்போது நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

முதலில் ஆண்டைச் சரிசெய்துவிடுகிறேன். அந்த வெள்ளம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, நவம்பர் மாதம், தீபாவளி கழிந்த பிறகு. தீபாவளிக்கு முன்பு என்று நீ சாகும்வரை சாதித்தாய். நிவாரணப் பொட்டலங்களில் கல்லாகிப்போன மைசூர்பாகு இருந்ததே, தீபாவளிக்கு முன்பு மீந்த மைசூர்பாகு ஏது? இந்தக் கேள்விக்கு நீ ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை.

நம் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பு மேட்டில் இருந்ததால் முழங்காலளவுத் தண்ணீரோடு தப்பித்தது. ஏரிக்கரைக்குக் கீழிருந்த குடிசைகள்தாம் மூழ்கின. அங்கிருந்தவர்களை உங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். குடியிருப்பில் துணி திரட்டப்பட்டது. அதைப் பிரித்து அடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒற்றைக் காலுறை, கொக்கியில்லாத ரவிக்கை, குரங்குக் குல்லாய், பூச்சி அரித்த கல்யாணக் கோட்டு என்று எதையும் நான் விலக்கவில்லை. எல்லாவற்றையும் நான்காக மடித்து, அளவு வாரியாக அடுக்கினேன். நீ வந்து பார்த்துவிட்டு, "நல்லா அடுக்கிகிறே மாமே. இத்தயெல்லாம் குடுத்தா, பாவம், அவங்க திரும்ப வெள்ளத்துக்கே போய்டுவாங்க" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. அடுக்கு அவ்வளவு நேராக இருந்தது.

அப்போதுதான் செய்தி வந்தது. நம் தெருக்கள் முழுவதற்கும் துணி தேய்த்துக் கொடுக்கும் கன்னியப்பன், மனைவி மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கொட்டகையின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறாராம். கூப்பிட்டால் வர மறுக்கிறாராம். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறதாம்.

எங்கிருந்தோ நீ இரண்டு லாரி டியூப்களை உருட்டிவந்தாய். மேலே கட்ட ஒரு பலகை வேண்டும். நேராக என் வீட்டுக்குள் நுழைந்து குளியலறைக் கதவைக் கழற்ற ஆரம்பித்தாய். "உன்னுது லேசா கீது மாமே. எங்க ஊட்டுது ஊறிப் போச்சு" என்பது உன் நியாயம். "அண்ணே, அது திரும்பி வர்ற வரைக்கும் நான் எங்க குளிக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஊரே குளிச்சிகினு கீது தங்கச்சி. நீ ஒருத்தி குளிக்காட்டி இன்னா கொறஞ்சிடும்?"

அன்று நான் உன்னோடு வந்ததைத் துணிச்சல் என்று பிற்காலத்தில் நீ பலரிடம் புகழ்ந்தாய். உண்மை உனக்குத் தெரியும். அந்தக் கதவு அரசாங்கச் சொத்து. குடியிருப்பைக் காலி செய்யும் நாளில் கதவுகளை எண்ணித்தான் வாங்குவார்கள். கதவு போகும் இடத்துக்கு நானும் போகவேண்டியிருந்தது.

கூரையில் கன்னியப்பன் ஒரு பெரிய மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு எடுத்து, ஒருமுறை உடுத்தித் துவைத்து, குடியிருப்பே தேய்க்கக் கொடுத்திருந்த புதுத் துணிகள்.

"எறங்கு கன்னீப்பா" என்றாய் நீ.

"மூட்ட மொதல்ல அண்ணாத்தே."

"மூட்டைக்கு எடங் கெடயாது. உருண்டுதுன்னா மூணு பேரும் ஜலசமாதிதான். நீ வா."

"அப்ப நா வர்ல. ஊர்த் துணி. இத்த உட்டுட்டு நா மட்டும் வந்து நின்னா, இன்னொரு தபா எவன் என்னாண்ட துணி குடுப்பான்?"

"செத்துப்போனா மட்டும் குடுப்பானா?"

"செத்துப்போனா கேக்க மாட்டாங்க அண்ணாத்தே. உயிரோட வந்தாதான் கேப்பாங்க."

கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்த நான் அவரைக் குறை சொல்ல முடியாது. நீ மூட்டையை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "சரி, மூட்டைய அவுத்துடு. எல்லாத்தயும் போட்டுக்குவோம்" என்றாய். மூட்டையாக இருந்தாலும் உடுத்தினாலும் எடை ஒன்றுதான் என்று நான் சுட்டிக்காட்டினேன். "எட ஒண்ணுதான். ஆனா மூட்ட உருளும், மனுஷன் கெட்டியா புடிச்சிக்குவான்" என்றாய்.

நம் தொழிற்சாலைப் போர்மேனின் சஃபாரி உடை உனக்கு வந்தது. கன்னியப்பன் சட்டைக்குமேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு கையை மடக்க முடியாமல் நின்றார். பட்டுப் பாவாடைகள் என் கழுத்தைச் சுற்றின. தலையில் யாருடைய சேலையோ முண்டாசாக ஏறியது. அந்தக் கோலத்தில் நாம் கரை சேர்ந்தபோது குடியிருப்பே திரண்டு நின்றது. "ஐயோ, அது என் சேலை!" என்று ஓர் அம்மாள் கூவியதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இன்னும் சில குடும்பங்கள் அப்போதுதான் நனைந்து வந்து சேர்ந்திருந்தன. என் அடுக்கிலிருந்து கல்யாணக் கோட்டை ஒருவர் எடுத்து விரித்தார். நடுங்கிக்கொண்டே, "இத்த மாட்டிகினு யார் கல்யாணத்துக்கு சார் போறது?" என்று என்னைக் கேட்டார். நீ சஃபாரியைக் கழற்றி அவருக்கு மாட்டினாய். பிறகு என் கழுத்திலிருந்த பாவாடைகளை உருவிக் குழந்தைகளிடமும், தலையிலிருந்த சேலையை ஒரு பெண்ணிடமும் கொடுத்தாய். கன்னியப்பன் பதறிவிட்டார். "அண்ணாத்தே, வோணாம்! வெள்ளத்துலேருந்து காப்பாத்திகினு வந்து இங்க என் பொழப்புல மண்ணப் போட்றியே!" என்று உன் கையைப் பிடித்தார். "நா பதில் சொல்லிக்கிறேன் நைனா, நீ கழட்டு" என்றாய்.

பதில் சொல்ல வேண்டிய நேரம் மாலைக்குள் வந்தது. போர்மேன் நேரில் வந்துவிட்டார். பின்னால் துணிக்கு உரியவர்கள் ஒரு கூட்டம். கன்னியப்பன் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"யாரைக் கேட்டு என் துணியைக் கொடுத்தே?"

"குளிருதான்னு அவங்களக் கேட்டேன் சார். உங்களக் கேட்டிருந்தா யோசிச்சு நாளைக்குத்தான் சொல்லியிருப்பீங்க. நீங்க குடுத்ததா சொல்லிட்டேன். இல்லன்னா, அதோ கீறாரு, நீங்களே கழட்டி வாங்கிக்குங்க. கன்னியப்பன ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு கர்ச்சீப் உடாம உசுர வச்சிக் கொண்டாந்தான்."

போர்மேன் விறுவிறுவென்று நடந்தார். சஃபாரியிலிருந்தவர் எழுந்து கும்பிட்டார். "நீங்க குடுத்ததா சார்? மவராசனா இருக்கணும். ஷோக்கா கீது. இடுப்புதான் சார் கொஞ்சம் லூசு." ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போர்மேன் தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கடைசியில், "பெல்ட் ஒண்ணு இருக்கு, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பின்னால் வந்த கூட்டம் அதற்குமேல் அங்கே நின்று என்ன செய்யும்? சேலைக்கு உரிமை கொண்டாடிய அம்மாள், அதைக் கட்டியிருந்தவளின் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார். தண்ணீர் வடிந்து கன்னியப்பன் மறுபடி இஸ்திரிப் பெட்டியில் கரி போட்ட அன்று, முதல் துணி போர்மேன் வீட்டிலிருந்துதான் வந்தது. கதவும் பத்திரமாக வந்தது. சற்று உப்பிவிட்டதால் பிறகு ஒருநாளும் சரியாகச் சாத்தவில்லை.

நீ போனது சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம். உனக்கு எதை உடுத்துவது என்று உன் வீட்டார் தேடிக்கொண்டிருந்தபோது, கன்னியப்பன் தாளில் சுற்றிய சட்டையொன்றை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். "அண்ணாத்த சட்ட ஒண்ணு என்னாண்ட கீது சார். தேச்சி வச்சேன், வாங்க வர்ல." அதைத்தான் உனக்குப் போட்டோம். பித்தான்களை நான் போட்டேன். வயிற்றருகே இழுத்துப் பிடித்தது. கடைசி ஆண்டில் நீ பருத்துத்தான் போயிருந்தாய், சொன்னால் ஒப்புக்கொண்டதில்லை.

அதன்பின் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என்னுடைய நல்ல சட்டை ஒன்று எப்போதும் கன்னியப்பனிடம் இருக்கும், கொடுப்பேன், வாங்கமாட்டேன். எதற்கென்று அவர் கேட்டார். மறுபடி தண்ணீர் வந்தால் முதலில் நடுங்குகிறவருக்கு. வராவிட்டால், உனக்குக் கொண்டுவந்ததைப் போல எனக்கு என்று சொன்னேன். அவர் சட்டையை வாங்கி, தோளை அளப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வச்சிக்கிறேன் சார். ஆனா மாசம் ஒரு தபா வந்து போட்டுப் பாத்துட்டுப் போங்க. சட்ட அப்டியேதான் கீது. நீங்கதான் சுருங்கிகினே போறீங்க."