பனிமேல் நின்று வெட்டிய எல்லைக்குறி

அனுப்புநர்:
ஆர்வில் ஹென்னிங்,
நில அளவை உதவியாளர்,
பேட்ஜர் ஃபோர்க் தேசியக் காடு, ஐடஹோ.

பெறுநர்:
உயர்திரு மண்டல வன அதிகாரி அவர்கள்.

பொருள்: ஆட்டு மேய்ப்பர் ஃபெர்மின் ஆல்டசோரியின் மேய்ச்சல் அனுமதியைத் திரும்பத் தரக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதைத் தேசியக் காடாக அறிவித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காட்டுக்குள் மேய்ச்சல் பகுதிகளின் எல்லையைச் சீக்கிரம் குறித்து முடிக்கும்படி மேலிடம் அவசரப்படுத்தியதால், அளவைக் குழு பிப்ரவரியிலேயே போய் மரங்களில் கோடரியால் குறி வெட்டியது. விதிப்படி நெஞ்சு உயரத்தில்தான் வெட்டினார்கள். ஆனால் நின்றது தரையில் அல்ல, ஆள் உயரப் பனியின் மேல். நான் மே கடைசியில் வேலைக்குச் சேர்ந்தபோது பனி உருகிவிட்டிருந்தது. குறி மட்டும் மேலேயே நின்றது.

2. ஜூனில் ஃபெர்மின், குறி கண்ணில் படாததால், தமக்கு அனுமதித்த பகுதியின் எல்லையை மந்தையோடு தாண்டினார். ஸ்பெயின் மலைநாட்டிலிருந்து வந்த பாஸ்க் மேய்ப்பர்களின் வழக்கப்படி, ஓர் ஆஸ்பென் மரப்பட்டையில் தம் பெயரைக் கத்தியால் கீறினார். அது எல்லை மரம். அத்துமீறல், எல்லை மரத்தைச் சிதைத்தல் என்று இரண்டு குற்றம் சாட்டி அனுமதியை ரத்து செய்தார்கள். திருட்டுத்தனமாக மேய்ப்பவன் பெயரை எழுதி வைத்துவிட்டா போவான்?

3. அந்த மரத்தடிக்கு அவரை அழைத்துப் போய்க் குறியைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர், "ஏன் தம்பி, உங்க சர்க்கார் இந்த எல்லைய ஆட்டுக்குப் போட்டுச்சா, காக்காவுக்குப் போட்டுச்சா? என் ஆடு இன்னும் மரம் ஏறக் கத்துக்கலையே" என்றார். அன்று இரவே முதல் மனுவை எழுதினேன்.

4. முதல் மனுவுக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதற்கு, 'மரம் வளர்ந்ததால் குறி உயர்ந்திருக்கலாம்' என்று தங்கள் அலுவலகம் எழுதியது. ஐயா, மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரத்தில் வெட்டிய குறி எத்தனை வருடமானாலும் வெட்டிய உயரத்திலேயே இருக்கும். வனவியல் பள்ளியில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். இதை ஒரு வன அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருப்பது அலுப்பாக இருக்கிறது.

5. அந்த மந்தை, ஆறு வருடம் கூலிக்குப் பதிலாக ஆடாகவே வாங்கி அவர் சேர்த்தது. இம்மாதக் கடைசிக்குள் காட்டை விட்டு ஓட்டிப்போக வேண்டும் என்பது உத்தரவு. கீழே சமவெளியில் புல் கருகிக் கிடக்கிறது. ஓட்டினால் நேரே கசாப்புக்குத்தான்.

ஆகவே அனுமதியை உடனே திருப்பித் தரவும், குறிகளைத் தரையில் நின்று மறுபடி வெட்டவும் உத்தரவிட வேண்டுகிறேன். நேரில் வந்து பார்ப்பதானால், அந்த மரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கள் குறியைத் தேட வேண்டாம், கண்ணில் படாது. ஃபெர்மினின் பெயரைத் தேடுங்கள்.

இடம்: பேட்ஜர் ஃபோர்க்
நாள்: 16 ஆகஸ்ட் 1909

இன்னமும் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆர்வில் ஹென்னிங்