நாடி டிரைவர் உள்ளேயா, வெளியேயா?

மார்ச் 3
நோயாளியின் கட்டிலருகே வைக்கும் எங்கள் நாடி மெஷினுக்குக் கர்னலை, அதாவது மெஷினை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்யும் கூட்டம். ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன நிரலான டிரைவரைக் கர்னலோடு சேர்த்தே கட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம் எவனும் வெளியிலிருந்து எதையும் நுழைக்க முடியாது. போன மாதம் சேர்ந்த அம்மாள் (முன்பு கணக்கு சொல்லிக்கொடுத்தவராம், எல்லோரும் டீச்சர் என்கிறார்கள்) மறுத்தார். நாடி சென்சார் டிரைவரை மட்டும் தனி மாட்யூலாக வைக்கலாமாம். “அது மக்கர் பண்ணினா அதை மட்டும் கழட்டி மாட்டலாம். உள்ள வச்சுக் கட்டிட்டா மெஷினையே நிறுத்தணும்” என்றார். அதென்ன, அத்தனை டிரைவரிலும் நான் எழுதியது மட்டும் கண்ணை உறுத்துகிறது? போட்டிக் கம்பெனியிலிருந்து வந்தவர் வேறு.

மார்ச் 5
சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் மெஷின் முன்னால் டீச்சர். தனியாக. என்னைப் பார்த்ததும் திரையை மாற்றினார்.

மார்ச் 9
டெஸ்ட் மெஷினில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக்கைப் பார்த்தேன். டீச்சர் தானே தனியாகக் கட்டிய கர்னலை அதில் ஓட்டியிருக்கிறார். நாடி டிரைவர் நாற்பத்தொரு தடவை கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. எல்லாம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள். யாரைக் கேட்டுச் செய்தார்? எதைத் திணித்துப் பார்க்கிறார்? நேராகக் கேட்டால் என்ன என்றாள் மனைவி. பால் பாக்கெட்டையே முகர்ந்து பார்த்து வாங்குகிற ஆள் என்று கிண்டல் வேறு. கேட்டால் உண்மையா வரும்?

மார்ச் 10
மேனேஜரிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். இல்லை — தெரிவித்தேன். மாலைக்குள் டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது என் மேசையருகே நின்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.” நல்ல நடிப்பு.

மார்ச் 16
எல்லா டிரைவரும் உள்ளே. மெஷின் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விட்டது. நிம்மதி.

மார்ச் 18
நிம்மதியாவது மண்ணாவது. ஒரு பெரியவர் புரண்டு படுத்ததில் சென்சார் வயர் கழன்றிருக்கிறது. நர்ஸ் திரும்பச் செருகியும் நாடி காட்டவில்லை. என் டிரைவர் ஹேங் ஆகிவிட்டது. அதை மட்டும் கழற்ற வழியில்லை. நான்தானே அடைத்தேன்! மெஷினையே நிறுத்திப் போட நாலு நிமிடம். அதுவரை அவர் மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தா? ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 19
டீச்சரின் குறிப்புகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கினேன். அப்போதும் ஏதாவது அகப்படுமா என்றுதான் தேடினேன் — வெட்கம். ‘வயரைப் பிடுங்கிச் செருகினால் டிரைவர் ஹேங். கழற்றி மாட்டினால் மூன்று நொடியில் சரி. 41க்கு 41.’ அதன் கீழே: ‘எழுதியவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வேண்டாம்.’

மார்ச் 20
நாடி டிரைவரைத் தனி மாட்யூலாக மாற்றினேன். மாற்றியவர் என்ற இடத்தில் டீச்சரின் பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று கணினி திருப்பிவிட்டது. என் பெயரிலேயே அனுப்பினேன். மேனேஜர் பாராட்டி மெயில் போட்டிருக்கிறார்.