ஆற்று வளைவில் விழுந்த நிழல்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் இறக்கைச் சுளுக்கு எப்படி இருக்கிறது? மலையை விட்டு இறங்கிப் பத்து நாள் ஆகிறது. கண்ணாடிப் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. உலை வாயருகே மற்றவர்கள் கால் மணி நேரம் நிற்கவே திணறுகிறார்கள். நான் மதியம் வரை அசையாமல் நின்றேன். முதலாளியம்மா, "எங்கம்மா வளர்ந்தே நீ?" என்று கேட்டார். "என்னை ஒரு டிராகன் வளர்த்துச்சு" என்றேன். என் கையைத் திருப்பித் திருப்பித் தீக்காயம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "சரி, நாளைக்கும் வந்துடு" என்றார்.

இங்கே சூடான சாப்பாட்டை ஊதி ஆற வைக்கிறார்கள்! நம் வீட்டில் ஊதினால் கரிந்துவிடும் என்றேன், ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து அறைப் பெண்ணைப் பார்த்துப் பாசமாக உறுமினேன். தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் மகள்

பிப்ரவரி 21

என் செல்லக் குட்டிக்கு,

சுளுக்கு விட்டுவிட்டது. நீ போன பிறகு குகை ரொம்ப அகலமாகிவிட்டது. உன் கடிதத்தைப் பாறைமேல் வைத்துவிட்டு உப்பு வண்டிக்காரர் எடுக்கிறாரே ஓட்டம், ஒரு நன்றி சொல்லக்கூட விடமாட்டேன் என்கிறார். நான் நகத்தால் கீறி அனுப்பும் இந்தக் கற்பலகை கனக்கிறது என்று உன்னிடம் புலம்புவார், பார். காகிதத்தில் எழுதினால் கிழிகிறது, நான் என்ன செய்ய!

நன்றாகச் சாப்பிடு. குதிரை வண்டியில் மட்டும் ஏறாதே. ஏன் என்று கேட்காதே.

அம்மா

மார்ச் 15

அம்மா,

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்.

பட்டறைக் குதிரைக்கு லாடம் அடிக்க வந்தவர் அவர். ஆற்று வளைவில் கவிழ்ந்த வண்டியிலிருந்து நீ என்னை எடுத்த கதையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வண்டியில பச்சைப் பெட்டி ஒண்ணு இருந்துச்சா? உள்ளே பள்ளிக்கூடப் புத்தகம்?" என்று கேட்டார். நீயும் நானும் எழுத்துக் கூட்டிப் படித்த அதே புத்தகங்கள் அம்மா! எங்கள் அப்பா வாத்தியார் என்றார். அப்போது அண்ணனுக்கு ஏழு வயதாம்.

இன்னொன்றும் சொன்னார். "வண்டி தானா கவிழலம்மா. மேலேயிருந்து பெரிய நிழல் விழுந்துச்சு. குதிரை மிரண்டுடுச்சு."

அது யாருடைய நிழல், அம்மா?

மகள்

மார்ச் 24

குட்டிக்கு,

என்னுடையதுதான்.

எனக்குப் பசியும் இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு இறங்கினேன். வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. பாதையில் வண்டி வந்ததைக் கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தபோது பெரியவர்கள் இருவரிடமும் மூச்சில்லை. துணி மூட்டைக்கு அடியில் நீ அழுதுகொண்டிருந்தாய். பையன் ஒருவன் இருந்தான் என்று சத்தியமாகத் தெரியாது.

நீ இன்னும் ஒரு சாண் வளரட்டும், சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். பதினேழு வருடம் ஓடிவிட்டது. நீ என்னை அம்மா என்று கூப்பிட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை.

இனி எப்படிக் கூப்பிடுவாய் என்று தெரியாததால் கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. அழுதேன், கோபப்பட்டேன், ஒரே நாளில் நான்கு ஜாடிகளை உடைத்தேன். முதலாளியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை.

போன வாரம்தான் உன் பலகையை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். குதிரையின் காலை மெல்ல இறக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் தெறிச்சுப் போய்ப் புதருக்குள்ள கிடந்தேன்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது உன்னை வாயில கவ்விக்கிட்டுப் போனதைப் பார்த்தேன். தின்னுடுச்சுன்னு நினைச்சேன். ஒரு கல்லுகூட எடுத்து எறியல, ஓடிட்டேன். தங்கச்சியை விட்டுட்டு ஓடினதை இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

அவ்வளவு வளர்ந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உறுமினேன். அவர் பயப்படவில்லை.

நாங்கள் இருவரும் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அவர் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறதாம். எனக்கும் இருக்கிறது. என் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். நீ ஆற்று வளைவுக்கு நடந்தே வா. எங்களைக் கண்டதும் சந்தோஷத்தில் சிரித்துவிடாதே, முதல் தடவையே உன் பல்லை எல்லாம் அவர் பார்க்க வேண்டாம்.

"அதை நான் என்னன்னு கூப்பிடறது?" என்று நேற்று கேட்டார். அதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கூப்பிடுவதில் மாற்றமில்லை.

உன் மகள்