மூச்சுக் குழாயை எடுக்க நர்சைத் தனியாக அனுப்புவது பற்றி

அனுப்புநர்:
கோ. கண்ணாயிரம், வயது 73,
சைக்கிள் கடை (மூடிவிட்டது),
கம்மாபுரம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
கடலூர்.

பொருள்: பிழைக்க மாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியின் மூச்சுக் குழாயை எடுக்கும் வேலையை நர்சுப் பிள்ளைகள் தலையில் கட்டுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பாதியில் மடித்து மட்டும் வைத்துவிடாதீர்கள்.

1. ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி. எனக்கு வீசிங் உண்டு. மூச்சு இழுத்தால் என் மகன் அன்பரசு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கேதான். அவர்களுக்குக் கோபம் வந்தால் என்ன ஆவது, அவர்கள் கையில்தான் என் மூச்சு இருக்கிறது. நர்சின் பெயரையும் எழுதவில்லை. திருப்பாதிரிப்புலியூர் பெண், என் பேத்தி வயது. தாங்கள் ஆள் அனுப்பினால் காதோடு சொல்கிறேன்.

2. என் தங்கை மங்கலத்தின் வீட்டுக்காரர் பக்கிரி, என் மச்சான். போன ஆடியில் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார். அந்த ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் போட்டு மிஷினில் வைத்திருந்தார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அவர் மகன் செம்பியனை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். உயிர் சொந்த வீட்டில் போகட்டும் என்பது எங்கள் பக்கத்து ஆசை, ஆகவே நானும் செம்பியனும் கூட்டிப் போகிறோம் என்றோம். டாக்டர் வரவில்லை. பலூன் மாதிரி ஒன்றை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டே வர, இந்த ஒரு நர்சை மட்டும் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

3. நானும் வண்டியில் இருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னா பாப்பா, ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி அமுக்குற, ஒரு பாட்டு பாடேன்" என்றேன். மச்சானையும் விடவில்லை. "டேய் பக்கிரி, ஏசி காருல போவணும்னு கெடந்தியே, கண்ண தொறந்து பாருடா" என்றேன். அந்தப் பெண் புவனகிரி வரை சிரித்தாள். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது.

4. வீட்டில் கூடத்தில் கட்டில் போட்டு, தெருவே கூடி நின்றது. சொல்லியிருப்பான் என்று நான் நினைத்திருந்தேன், செம்பியன் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொல்ல வாய் வரவில்லையாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்படியானால் தேவலை என்று நினைத்து என் தங்கை நொய்க்கஞ்சி காய்ச்சி, டம்ளரும் ஸ்பூனுமாக வந்து நின்றாள். "பாப்பா, அந்தக் கொழாய எடுத்துட்டா கஞ்சி குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

ஐயா, அந்தப் பெண் ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "சார், அவுங்க வீட்டம்மாவுக்கு எதுவுமே தெரியல சார், நான் எப்பிடி எடுக்கறது?" என்றாள். அந்தப் பக்கம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது: "எடுத்துட்டு வாம்மா, இங்க வண்டிக்கு வேற கேஸ் காத்துக்கிட்டிருக்கு."

5. எடுத்தாள். பக்கிரி உடனே போகவில்லை. கண் திறந்தது. தொண்டையில் கரகரவென்று தானாகவே மூச்சு ஓடியது. டிரைவர் வெளியே ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் போகவில்லை; மூச்சு அடங்கும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடங்கியதும் என் தங்கை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நல்லாத்தானடி வந்தாரு, நீ புடுங்குனதாலதான போனாரு!" தெரு ஆம்பிளைகள் வண்டியை மறித்தார்கள். நானும் செம்பியனும் குறுக்கே விழுந்து அவளை ஏற்றிவிட்டோம். செருப்புகூடப் போடாமல் போனாள். வண்டி லேட் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு மெமோ.

6. போன வாரம் எனக்கு மூச்சு இழுத்து அங்கே படுத்தேன். புகை மருந்து வைக்க அவள்தான் வந்தாள். மாஸ்க்கை என் முகத்தருகே கொண்டுவந்தவள், அப்படியே என் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே மாட்டிக்குங்க தாத்தா" என்றாள். "ஏன், கெழவன் கடிச்சிருவேன்னு பயமா?" என்று சீண்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், அழுகிறாள்.

"மாட்டுனா நான்தான கழட்டணும் தாத்தா. அவுரு என்னைப் பாத்தாரு. நெசமாவே முடிஞ்சிதான் இருந்துச்சா? இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கியிருக்கணுமா?"

டாக்டர் சொன்னதுபோல் முடிந்துதான் இருந்திருக்கும். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியவர் டாக்டர், ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த தடவையும் அவள்தான் போக வேண்டுமாம். மாட்டேன் என்றால் வேலையை விட்டுப் போ, சேரும்போது வாங்கி வைத்த நர்சுப் படிப்புச் சர்டிபிகேட்டைத் தர மாட்டோம் என்கிறார்களாம். ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று கூட இருக்கும் நர்சு சொன்னாள்.

7. ஆகவே தாங்கள் தயவு செய்து எல்லாத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் ஓர் உத்தரவு போட வேண்டும். குழாயை எடுக்க முடிவு செய்த டாக்டரே வந்து எடுக்கட்டும். அதற்கு முன்னால் கட்டிய பெண்டாட்டிக்கு, விளங்கும் தமிழில், எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லட்டும். என்னால் முடியாது என்று சொல்லும் நர்சை மிரட்டக் கூடாது. அந்தப் பெண்ணின் சர்டிபிகேட்டை வாங்கித் தர வேண்டும். இந்த மனுவை விசாரணைக்கு என்று அதே ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பெயரைப் பார்த்தாலே எந்தக் கிழவன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. எனக்கும் கூடத்தில், என் சம்சாரம் புஷ்பவள்ளி பக்கத்தில்தான் உயிர் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் உத்தரவு வருவதற்குள் எனக்கு அந்தக் கதி வந்தால், வீட்டுக்குக் கொண்டுபோகாதே, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடு என்று மகனிடம் சொல்லிவிட்டேன். யாரும் இல்லாத இடத்தில் போவதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை இன்னொரு தடவை அந்த வண்டியில் ஏறக் கூடாது.

மகன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மார்கழிப் பனி எனக்கு ஆகாது. அதற்குள் பார்த்துச் செய்யுங்கள் ஐயா.

இடம்: கம்மாபுரம்
நாள்: 14.09.2009

தங்கள் பணிவுள்ள,
கோ. கண்ணாயிரம்