நான்கு கம்பிகளும் உன் ஒரு வருடமும்

பதுளை
03.03.2004

அன்பு மகன் ஆரூரனுக்கு,

இங்கே அப்பா, கேசினி, நான் மூவரும் சுகம், நீயும் ரொறன்ரோக் குளிரில் தடிமன் பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பதாகச் சொல்கிறாள். உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தை விட்டுவிட்டு இசைக்குழுவோடு போகலாமா, மார்ச் முடிவதற்குள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். புதுவருடத்தன்று தொலைபேசியில், நீ வாசிக்கும் அந்த பேஸ் கிட்டார் யாருக்குக் கேட்கும் என்று கேட்டது நான்தான். அது என்ன பொருள் என்றே எனக்குத் தெரியாது என்பது ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. தெரியாத விடயத்துக்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

தைப்பொங்கல் கழிந்த கிழமை ரேடியோ திருத்தக் கொடுக்க மொஹிதீனின் கடைக்குப் போனேன். சுவரில் ஒரு பழைய கிட்டார். இரண்டு கம்பி குறைகிறதே என்றேன். "இதுக்கு நாலுதான் டீச்சர், மத்த ரெண்டையும் நான் திங்கல்ல" என்றார். பார்த்தால் அதுதான் பேஸ் கிட்டார், அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் ரெங்கசாமி விற்கக் கொடுத்ததாம். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் பிரேக் வயரைக் கம்பியாகப் பூட்டி வாசித்திருக்கிறார், அதன் இழுவையில் கிட்டாரின் நீண்ட கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. அப்பாவின் சப்பாத்தை விட மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். "பென்சன் எடுக்க முதல் பாண்ட் தொடங்கப் போறீரோ" என்று அப்பா கேட்டார். வளைந்த பலகைக்குப் பாரம் வைப்பது போலக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கிழமை அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன், வளைவு அசையவில்லை, வீட்டில் சம்பல் இல்லாமல் போனதுதான் மிச்சம். கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது, தலைப்பக்கம் நட்டை முறுக்கினால் நிமிரும் என்றார் மொஹிதீன். மரத்துக்குள் இரும்பா என்று, பழைய வயர்களைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்துத் திசைகாட்டியைக் கழுத்தின் பின்புறம் பிடித்துப் பார்த்தேன், ஊசி வடக்கை விட்டுக் கழுத்துப் பக்கம் திரும்பியது. அதன் பிறகு எண்ணெய் விட்டு ஒரு நாளைக்குக் கால் சுற்று. கழுத்து நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து அதற்குக் கீழே எத்தனை விடைத்தாள் நுழைகிறது என்று கேசினி எண்ணுவாள். முதல் நாள் முப்பத்தெட்டு, நான்குக்கு வந்ததும் நிறுத்தினேன். நல்ல கம்பிகளை மொஹிதீன் கொழும்பிலிருந்து எடுப்பித்தார்.

போன ஞாயிறு ரெங்கசாமி, நான் சொல்லியனுப்பியபடி பஸ்ஸில் வந்து மொஹிதீனின் கடையில் வைத்து ஒரு கசெட் பாட்டோடு வாசித்தார். பாட்டைவிட அது பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் கையை நிறுத்தியதும் பாடுகிறவர் தாமதிப்பது போலிருந்தது. கசெட் எப்படித் தாமதிக்கும், மணிக்கூட்டைப் பார்த்தேன், அதே வேகம்தான். மூன்று தரம் நிறுத்தச் சொன்னேன், மூன்று தரமும் அப்படியே. "இன்னும் எத்தன வாட்டி நிப்பாட்டச் சொல்லுவீங்க டீச்சர், கை இப்பத்தான் பழகுது" என்று சலித்துக்கொண்டார். பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "யாரும் விடச் சொல்லலீங்க. ஒரு கம்பி தேஞ்சு போச்சு, சம்பளம் வந்ததும் மாத்தலாம்னு சுவத்துல மாட்டுனேன். பதினெட்டு வருசம் ஆயிருச்சு" என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிட்டாரை அவரிடமே கொடுத்தனுப்பினேன், ஞாயிறுகளில் கொண்டு வருவார், எனக்கு இன்னும் சரிபார்க்க வேண்டியவை உண்டு.

யாருக்குக் கேட்கும் என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் விலகல் கடிதம் கொடுக்காதே. ஒரு வருட விடுமுறை கேள், திரும்பி வரும் தேதியை அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்கு. அந்தத் தேதிக்குப் போவதா இல்லையா என்பதை அன்றைக்கு நீயே யோசித்து முடிவு செய், நாள் போய்ப் போய்த் தானாக முடிந்துவிட விடாதே. அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை, அவரோடு நான் கதைத்துக்கொள்கிறேன். உன் பெயரில் கோயிலில் அர்ச்சனை மட்டும் செய்துவிட்டு வந்தார். என் ஆசியையும் அதோடு சேர்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. முப்பத்தோராம் தேதிக்கு முன் விண்ணப்பத்தைக் கொடு, தேதி போட்ட கடிதத்தின் பிரதி ஒன்று எனக்கு வர வேண்டும்.

அன்புடன்,
அம்மா